ஒரு கணக்காவது முடியட்டும்

விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் கரும்பு போடும் சிறு விவசாயியின் வீட்டுக்குப் பெரிய பணம் ஆண்டுக்கு ஒரு முறைதான் வரும். ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வர வேண்டும், வெட்டுக்கு ஆள் கிடைக்க வேண்டும், வண்டி ஏற வேண்டும், பிறகு ஆலை பணம் போட வேண்டும். அதுவரை பீரோவில் இருக்கும் நகை ஒவ்வொன்றாக அடகுக் கடைக்குப் போகும். இந்தப் பகுதியின் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளைப் பொருளியல் அறிஞர்கள் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் ஆகியோரும், உளவியல் அறிஞர்கள் எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகியோரும் ஆராய்ந்தார்கள். அந்த ஆய்வு 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. அறுவடைக்கு முன் நூற்றுக்கு 78 பேர் ஏதாவது ஒரு பொருளை அடகு வைத்திருந்தார்கள். அறுவடைக்குப் பின் 4 பேர். அறுவடைக்கு முன் கடனில் இருந்தவர்கள் நூற்றுக்கு 99 பேர். பின்பு 13 பேர்.

ஆய்வாளர்கள் அதோடு நிற்கவில்லை. அதே விவசாயியிடம், பணம் இல்லாதபோது ஒரு முறையும் வந்த பிறகு ஒரு முறையும் சிறு சோதனைகள் வைத்தார்கள். ஒரு வடிவத்தில் விடுபட்ட துண்டு எது என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். மூன்று ஐந்துகளை வரிசையாகக் காட்டி, எத்தனை எண்கள் இருக்கின்றன என்று கேட்டார்கள். வாய் ‘ஐந்து’ என்று சொல்லத் துடிக்கும், சொல்ல வேண்டியதோ ‘மூன்று’. பணம் வந்த பிறகு அதே மனிதர் வேகமாகவும் பிழை குறைவாகவும் பதில் சொன்னார். இடைப்பட்ட சில மாதங்களில் அவருடைய படிப்போ அறிவோ மாறவில்லை. தலைக்குள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த கணக்குதான் நின்றிருந்தது.

இந்த முடிவை எல்லோரும் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் குறைந்த வருமானக்காரர்களைச் சோதித்த கார்வாலோ, மயர், வாங் ஆகியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வில் சிந்தனைத் திறனில் அப்படி ஒரு வேறுபாடு தென்படவில்லை. இரண்டு வாரச் சம்பள இடைவெளியும், ஓராண்டு முழுக்கக் காத்திருந்து வரும் கரும்புப் பணமும் ஒன்றல்ல என்பது ஒரு பதிலாக இருக்கலாம். ஒடிசாவில் இலைத்தட்டு தைக்கும் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வு மீண்டும் முதல் பக்கமே சாய்கிறது. கூலியின் ஒரு பகுதியை முன்கூட்டியே பெற்றவர்கள் உடனே கடனைத் தீர்த்தார்கள். அடுத்த நாள்களில் அவர்கள் தைத்த தட்டுகள் ஏறத்தாழ 7 சதவீதம் கூடின, தவறுகள் குறைந்தன.

கடனில் இருப்பவருக்கு ஊரில் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: சிக்கனமாக இரு, மனசை உறுதியாக வை. சிக்கனம் என்பதே நாள் முழுக்கக் கவனத்தைக் கேட்கும் வேலை. இதை வாங்கலாமா, அதை நாளைக்குத் தள்ளலாமா, பிள்ளை கேட்டதற்கு என்ன பதில் சொல்லலாம் என்று பகல் முழுக்க முடிவெடுத்தபடியே இருக்க வேண்டும். ஏற்கெனவே களைத்த மூளையிடம் இன்னும் உழை என்று சொல்வதுதான் அந்த அறிவுரை. அதனால் பாதியில் கைவிட்டவர்களை மன உறுதி அற்றவர்கள் என்று முடிவுகட்டுவது அநியாயம். கடனை அடைக்கும் ஊக்கம் முதல் நாளிலேயே கைவசம் இருக்க வேண்டிய முதலீடு என்றே பேசப்படுகிறது. ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால் வேறு ஒன்று தெரிகிறது. ஏதாவது ஒரு கடன் முழுசாக முடியும்போதுதான் ஊக்கம் பிறக்கிறது. அவசரத்துக்கு எடுக்கக் கொஞ்சம் கையிருப்பு இருந்தால்தான் அது உயிரோடு இருக்கிறது.

கோயம்பேடு சந்தையின் சிறு வியாபாரிகளை முல்லைநாதனும் சக ஆய்வாளர்களும் பார்த்த விதம் இதற்கு நல்ல தொடக்கம். காலையில் ஆயிரம் ரூபாய் கடன் வாங்கிக் காயோ பூவோ எடுத்து, 1,100 ரூபாய்க்கு விற்றால், மாலையில் கடனோடு வட்டியாக 50 ரூபாய் போய்விடும். ஒரு நாளைக்கு நூற்றுக்கு ஐந்து. லாபத்தில் சரிபாதி. இதே வியாபாரி தினமும் 5 ரூபாயை எடுத்து வைத்து, மறுநாள் கடனை அந்த அளவு குறைத்து வாங்கினால் என்ன ஆகும்? மிச்சமான வட்டியும் சேர்ந்து பெருகி, 50 நாளில் அவருக்குக் கடனே தேவைப்படாது. ஒரு டீயைக் குறைத்தால் நடக்கக்கூடிய காரியம். ஆனாலும் பலர் ஆண்டுக்கணக்காகக் கடனிலேயே இருந்தார்கள்.

சரி, கடனை மொத்தமாக அடைத்தே கொடுத்துவிட்டால்? டீன் கார்லன், முல்லைநாதன், பெஞ்சமின் ராத் ஆகியோர் சென்னையிலும் பிலிப்பைன்ஸிலுமாக மூன்று இடங்களில் அதையும் செய்து பார்த்தார்கள். சிறு வியாபாரிகளின் கந்துவட்டிக் கடனை ஆய்வுக் குழுவே தீர்த்தது. பெரும்பாலோர் ஆறு வாரத்துக்குள் மறுபடி கடன் வாங்கினார்கள். ஓரிரு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, உதவி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் வேறுபாடே இல்லை. 2019இல் வெளியான இந்த ஆய்வைக் காட்டி, ஏழைக்குக் கடன் பழகிவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. முல்லைநாதனும் ஷாஃபிரும் ‘ஸ்கேர்சிட்டி’ என்ற தங்கள் நூலில் தரும் விளக்கம் இன்னும் பொருத்தமானது. கடன் தீர்ந்ததே தவிர, அவர்கள் கையில் எதுவும் இல்லை. ஒரு காய்ச்சல், ஒரு கல்யாணம், ஒரு மழை நாள் போதும், மறுபடி தண்டல்காரரிடம்தான் போயாக வேண்டும்.

சிங்கப்பூரிலிருந்து வந்த முடிவு இன்னொரு கதவைத் திறக்கிறது. நெடுநாள் கடனில் இருந்த 196 ஏழைகளுக்கு ஒரு தொண்டு நிறுவனம் அந்நாட்டுப் பணத்தில் 5,000 வெள்ளி வரை கடன் தீர்த்துக் கொடுத்தது. வாடகை பாக்கி, மின் கட்டண பாக்கி, வீட்டுக் கடன் பாக்கி என்று ஒவ்வொருவருக்கும் பல கணக்குகள். சியான் ஓங், வால்டர் தெசைரா, ஐரீன் இங் ஆகியோர் இவர்களைக் கடன் தீர்வதற்கு முன்பும், தீர்ந்து மூன்று மாதம் கழித்தும் சோதித்தார்கள். கவனச் சோதனையில் பிழை 17 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக இறங்கியிருந்தது. பதற்றமும் குறைந்திருந்தது. இதில் கவனிக்க வேண்டியது, தீர்ந்த தொகை எவ்வளவு என்பதைவிட எத்தனை கணக்குகள் முழுசாக முடிந்தன என்பதே பெரிதாக இருந்ததுதான். ஒரே தொகை தீர்ந்தவர்களிலும், அதிகக் கணக்குகள் மூடப்பட்டவர்களுக்கே மனம் அதிகம் லேசானது. ஒவ்வொரு கடனும் தனியாக ஒரு தவணைத் தேதி, தனியாக ஒரு போன், தனியாக ஒரு பயம். ஐந்து பேருக்குத் தலா பத்தாயிரம் கொடுக்க வேண்டியவரும், ஒருவருக்கு ஐம்பதாயிரம் கொடுக்க வேண்டியவரும் கணக்கில் சமம். தூக்கத்தில் சமமில்லை.

அமெரிக்காவில் கடன் தீர்ப்பு நிறுவனம் ஒன்றின் ஏறத்தாழ 6,000 வாடிக்கையாளர்களின் கணக்குகளை டேவிட் கால், பிளேக்லி மெக்‌ஷேன் இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில் அலசினார்கள். யார் கடைசிவரை நின்று கடனை முடித்தார்கள்? மொத்தக் கணக்குகளில் எத்தனை பங்கை மூடிவிட்டார்கள் என்பதே அதை நன்றாகக் கணித்தது. மூடிய கணக்கு சின்னதா பெரிதா என்பது அவ்வளவாகப் பொருட்டில்லை. 2016இல் கெட்டில், ட்ரூடல், பிளான்ச்சார்ட், ஹாய்பிள் ஆகியோரின் ஆய்வும் இதற்குத் துணை வந்தது. எல்லாக் கடனுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பவரைவிட, ஒன்றைக் குறிவைத்து அடைப்பவர் கூடுதல் முனைப்போடு உழைக்கிறார்.

எதிர்வாதமும் வலுவானதே. மோட்டி அமர், டான் ஏரியலி முதலியோர் 2011இல் வெளியிட்ட சோதனைகளில், மக்கள் சின்னக் கடன்களை மூடும் ஆசையில் அதிக வட்டிக் கடனை வளரவிட்டார்கள், மொத்தத்தில் நஷ்டப்பட்டார்கள். வட்டிக் கணக்கு தெரிந்தவர் யாரும் அதிக வட்டியை முதலில் அடை என்றுதான் சொல்வார்.

தமிழ்நாட்டுக் குடும்பத்தின் கடன் பட்டியலை எடுத்துப் பார்த்தால் இந்தச் சண்டையில் பாதி தானாகவே தீர்ந்துவிடும். இங்கே சின்னக் கடன்தான் பெரும்பாலும் கொடிய வட்டிக் கடனும். வங்கி நகைக் கடன் பெரிது, ஆனால் ஆண்டுக்கு 9 சதவீதம் என்று வைத்தால் ஊர் கணக்கில் முக்கால் வட்டி. கைமாற்றாகக் கைநாட்டில் வாங்கியது மூணு வட்டி, அஞ்சு வட்டி. தண்டலோ இன்னும் மேலே. பத்தாயிரம் என்று எழுதி, முன்பிடித்தம் போக 8,500 ரூபாயைக் கையில் கொடுத்து, நாளைக்கு நூறு வீதம் நூறு நாள் வசூலிப்பதாக வைத்துக்கொள்வோம். பிடித்தது நூற்றுக்குப் பதினைந்துதானே என்று தோன்றும். ஆனால் அசல் தினமும் திரும்பிக்கொண்டே இருப்பதால், சரியாகக் கணக்குப் போட்டால் மாதம் நூற்றுக்குப் பத்து ரூபாய் வட்டி ஆகிறது. தமிழக அரசின் 2003ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டம் கந்து வட்டி, மீட்டர் வட்டி, தினவட்டி ஆகியவற்றோடு தண்டலையும் பெயர் சொல்லியே சேர்த்தது இதனால்தான். ஆகவே சின்னதை முதலில் முடி என்ற உளவியலும், கொடியதை முதலில் முடி என்ற கணக்கும் இங்கே பல வீடுகளில் ஒரே கடனைத்தான் சுட்டும். இரண்டும் முரண்படும் வீட்டில் என்ன செய்வது? வட்டியில் பெரிய வித்தியாசம் இல்லாவிட்டால் சின்னதை முடிப்பதே நல்லது. ஒன்று பத்து வட்டி, மற்றது முக்கால் வட்டி என்றால், சின்னது எது என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

தண்டலில் இன்னொரு விஷயமும் உண்டு, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. தண்டல் அட்டையில் தேதி, தொகை, கையெழுத்து என்று கட்டம் கட்டமாக இருக்கும். நாற்பது கட்டம் நிறைந்தால் அறுபது நாள்தான் பாக்கி என்று படிக்காதவருக்கும் தெரியும். மாதவட்டிக் கடனில் இந்த நிம்மதி இல்லை. 50,000 ரூபாயை மூணு வட்டிக்கு வாங்கியவர் மாதம் 1,500 கட்டுகிறார். மூன்று ஆண்டில் 54,000 ரூபாய் கட்டியாகிவிடும். அசல் அப்படியே 50,000. கொடுத்தவரும் அசலை மொத்தமாகத்தான் கேட்பார், துண்டு துண்டாக வாங்கிக்கொள்ள மாட்டார். வருஷம் தவறாமல் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கும் நகைக் கடனும் இதே ரகம். எவ்வளவு உழைத்தாலும் எண் நகராத இடத்தில் எந்த மனிதருக்கும் சலிப்புத்தான் வரும். வட்டிக்காக மட்டுமல்ல, எண் நகர வேண்டும் என்பதற்காகவும் கடனை மாற்றி அமைப்பது அவசியம்.

இதைக் குடும்பச் செலவோடு சேர்த்துப் பார்க்கலாம். 2022-23ஆம் ஆண்டின் வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒருவருக்கு மாதச் சராசரிச் செலவு 5,310 ரூபாய், நகரங்களில் 7,630 ரூபாய். நான்கு பேர் உள்ள கிராமத்துக் குடும்பத்துக்கு 21,240 ரூபாய். அதில் நூற்றுக்கு ஐந்து மிச்சம் பிடித்தால் 1,060 ரூபாய் சொச்சம். மேலே சொன்ன மூணு வட்டிக் கடனில் இது ஒரு மாத வட்டிக்குக்கூடக் காணாது. அதே 50,000 ரூபாயை 9 சதவீத நகைக் கடனாக வங்கிக்கு மாற்றினால் முதல் மாத வட்டி 375 ரூபாய்தான். ஏற்கெனவே கட்டிவந்த 1,500 ரூபாயை அப்படியே கட்டினாலே 39 மாதத்தில் கடன் முடியும். மிச்சம் பிடித்த 1,060 ரூபாயையும் சேர்த்துக் கட்டினால் 22 மாதம். நகைக் கடனில் அவ்வப்போது அசலில் ஒரு பகுதியைக் கட்ட வங்கிகள் வாங்கிக்கொள்ளும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. வருஷக் கடைசி வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு சவரன்கூட இல்லாத வீட்டுக்கு இந்த வழி கிடையாது. அவர்களுக்கு மகளிர் குழு வழியாக வரும் வங்கிக் கடன்தான் கிட்டத்தட்ட ஒரே மாற்று.

சிக்கனத்திலும் தரம் பிரிக்க வேண்டியிருக்கிறது. தினமும் மனதைக் கட்டிப்போட்டுச் செய்யும் சிக்கனம் நெடுநாள் நிற்காது. ஒரு தடவை முடிவெடுத்துவிட்டு மறந்துபோகக்கூடியது நிற்கும். 2021 மே மாதம் தொடங்கிய பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தால் மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. சராசரிக் கிராமக் குடும்பத்தின் செலவில் அது நூற்றுக்கு நான்கு பங்கு. பயணம் செய்யும் பெண் அதற்காகத் தன் ஆசை எதையும் அடக்கிக்கொள்ளவில்லை. ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். கௌரவம் பார்த்து அட்டையைச் சும்மா வைத்திருக்கும் நடுத்தரக் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. மளிகைக் கடை நோட்டில் எழுதி வாங்குவதை நிறுத்திக் காசு கொடுத்து வாங்கத் தொடங்குவதும் இந்த வகைதான். நோட்டு இருக்கும்வரை விலையும் கண்ணில் படாது, தொகையும் கண்ணில் படாது.

வெட்டக் கூடாதவையும் உண்டு. பிள்ளைகளின் பாலையும் முட்டையையும் குறைத்து மிச்சம் பிடித்த காசு, ஆஸ்பத்திரியில் இரட்டிப்பாகப் போய்விடலாம். மொய்யை வெட்டலாமா என்ற கேள்வியும் பல வீடுகளில் எழும். புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களின் ஆலங்குடி, கீரமங்கலம், பேராவூரணிப் பக்கம் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து வைத்து முதல் திரட்டுவது வழக்கம். அங்கே மொய் நோட்டில் இருக்கும் ஒவ்வொரு பெயரும் திருப்பிச் செய்ய வேண்டிய கடன். மற்ற ஊர்களிலும் அந்த நியாயம் கொஞ்சம் மங்கலாக இருக்கிறதே தவிர இல்லாமல் இல்லை. எனவே மொய்யைச் செலவுப் பட்டியலில் வைத்து வெட்டப் பார்ப்பவர் ஏமாந்துபோவார். அதைக் கடன் பட்டியலில், தேதியோடு எழுதி வைப்பதுதான் நேர்மையான கணக்கு. வைகாசியில் நான்கு முகூர்த்தம் இருக்கிறது என்று தையிலேயே தெரிந்தால், வைகாசியில் தண்டலுக்குப் போக வேண்டியிராது.

கோயம்பேடு வியாபாரிகளிடம் இல்லாமல்போன கையிருப்புக்குத் தமிழ் வீடுகளில் பழைய ஏற்பாடு ஒன்று இருந்தது. அரிசிப் பானைக்குள்ளும் கடுகு டப்பாவுக்குள்ளும் பெண்கள் சேர்த்த சிறுவாட்டுக் காசு அது. கணவருக்குத் தெரியாமல், பெரும்பாலும் குடும்பத்துக்காகவே. 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போனபோது, அடுத்தடுத்த நாள்களில் எத்தனையோ வீடுகளில் அந்தப் பணம் வெளியே வர வேண்டியதாயிற்று. ரகசியம் போனதோடு சேர்க்கும் பழக்கமும் சில இடங்களில் போனது. கடன் கழுத்தை நெரிக்கும்போது காசைச் சும்மா வைத்திருப்பது முட்டாள்தனம் என்று கணக்கு சொல்லும். அந்தக் கணக்கை நம்பிக் கடைசி ரூபாய் வரை கடனுக்குக் கட்டியவர்தான் அடுத்த காய்ச்சலுக்கு அஞ்சு வட்டிக்குப் போகிறார். அப்போது போவது வட்டி மட்டுமல்ல. நான்கு மாதம் வயிற்றைக் கட்டியது வீண் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் சிக்கனம் என்ற பேச்சையே எடுக்க முடியாது.

சேர்க்கும் காசைக் கலைக்காமல் வைப்பது எப்படி என்பதற்கு இந்தியக் கூலித் தொழிலாளர்களிடமே ஒரு சோதனை நடந்திருக்கிறது. திலீப் சோமன், அமர் சீமா இருவரும் 2011இல் வெளியிட்டது. வாரக் கூலியில் 40 ரூபாயோ 80 ரூபாயோ எடுத்து உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தார்கள். சிலருடைய உறைமேல் அவர்களுடைய பிள்ளைகளின் படம் இருந்தது. சிலருக்கு அதே தொகையை இரண்டு உறைகளாகப் பிரித்தார்கள். படம் இருந்த உறையைப் பிரிக்கக் கை தயங்கியது. இரண்டு உறை வைத்திருந்தவர் ஒன்றைப் பிரித்தாலும் மற்றதை விட்டுவைத்தார். இரு சாராரும் மற்றவர்களைவிட அதிகம் சேர்த்தார்கள். வட்டி கிடையாது, வங்கி கிடையாது, வெறும் காகித உறைதான்.

யார் இந்தச் சுமையைச் சுமக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமை அடையாது. பழைய தென்னாற்காடு மாவட்டக் கிராமங்களில் பல ஆண்டுகள் களப்பணி செய்த இசபெல் கெராங், சந்தோஷ் குமார், ஜி. வெங்கடசுப்பிரமணியன் ஆகியோர் 2023இல் எழுதிய நூல் கடன்பட்ட பெண்ணைப் பற்றியது. கடன் தேடுவது, ஒன்றை வாங்கி மற்றொன்றைக் கட்டுவது, தவணைக்காரரிடம் பேச்சு வாங்குவது என்று எல்லாமே அவர்கள் தலையில் விழுவதை அது காட்டுகிறது. எந்தக் கடனை முதலில் அடைப்பது என்பதை அங்கே வட்டி மட்டும் தீர்மானிப்பதில்லை. யார் வாசலில் வந்து சத்தம் போடுவார், யாரிடம் பட்ட கடன் மானத்தைத் தொடும் என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. கணக்குத் தெரியாமல் நடக்கும் காரியம் என்று இதை ஒதுக்க முடியாது, அதுவும் ஒரு கணக்குதான். ஆனால் அந்தக் கணக்கு முழுக்க ஒருத்தியின் தலைக்குள் மட்டும் இருந்தால், வீட்டில் மற்றவர்களுக்குச் சிக்கனம் அவளுடைய கெடுபிடியாகத்தான் தெரியும். யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி, எந்தத் தேதி என்று ஒரே தாளில் எழுதி, கணவரும் விவரம் தெரிந்த பிள்ளைகளும் பார்க்கும்படி வைத்த வீட்டில், ஒரு வரி அடிக்கப்படும்போது அந்த நிம்மதி எல்லோருக்கும் சேரும்.

ஊர் அளவிலும் இதற்கு ஓர் அமைப்பு இருக்கிறது. சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் முதலில் சேமிப்புக் குழுக்களாகவே இருந்தன. 1992இல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோட்டத்தைத் தொடங்கியபோதும், முதலில் சில மாதம் சேமிப்பு, பிறகுதான் கடன் என்ற வரிசை இருந்தது. கையிருப்பு, குறைந்த வட்டி, எல்லோர் முன்னும் வாசிக்கப்படும் கணக்கு, மூன்றும் அந்த வரிசைக்குள் அடங்கியிருந்தன. பின்னாளில் வீட்டு வாசலுக்கு வந்த நுண்கடன் நிறுவனங்கள் குழுவை எடுத்துக்கொண்டு சேமிப்பை விட்டுவிட்டன. கூட்டம் வசூலுக்கான இடமானது. இன்றும் ஒழுங்காகக் கூடும் குழுக்களின் நோட்டில் சந்தா, உள்கடன், வங்கிக் கடன் என்று பத்திகள் இருக்கின்றன. வெளிக்கடனுக்குப் பத்தி இல்லை. யார் வீட்டில் எத்தனை தண்டல், எத்தனை கைமாற்று என்று அங்கே யாரும் கேட்பதில்லை, சொல்வதும் இல்லை. விருப்பப்பட்டவர்கள் மட்டும் தங்கள் வெளிக்கடன்களின் எண்ணிக்கையை, தொகையைச் சொல்லாமல் எண்ணிக்கையை மட்டும், மாதா மாதம் எழுதிவர ஒரு பத்தியைச் சேர்த்தால் போதும். குழுவின் உள்கடன் எந்தத் தண்டலை மூடப் போகிறது என்று கேட்டுக் கொடுக்கவும் முடியும், ஏழு ஆறானதை அடுத்த கூட்டத்தில் எல்லோரும் கேட்கவும் முடியும்.